ஆளில்லா வானம் – 14: கண்ணாடி இழை அறுத்த சாலை

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக முன்கதை சில வரிகளில்.

2022 பிப்ரவரியில் கீவ் நகரை நோக்கி வந்த ரஷ்ய வாகன வரிசை நடுச்சாலையில் திணறி நின்றபோது, உக்ரைனியர்களுக்கு ட்ரோன் என்பது பெரும்பாலும் வேவு பார்க்கும் கண். கொஞ்ச நாளிலேயே கடையில் விற்கும் கேமரா ட்ரோன்கள் கையெறி குண்டு போடக் கற்றுக்கொண்டன. அடுத்து வந்தது எஃப்.பி.வி. ஓட்டுபவர் முகத்தில் திரைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா காண்பதைத் தானும் கண்டபடி, இலக்கின் மீதே கொண்டுபோய் மோதவிடும் சின்னஞ்சிறு தற்கொலை ட்ரோன். விலை 400, 500 டாலர்தான். அமெரிக்காவிலிருந்து ஷெல் வராமல் உக்ரைன் பீரங்கிகள் பட்டினி கிடந்த 2024-ன் ஆரம்ப மாதங்களில் அந்த நாட்டின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இந்த மலிவுச் சரக்குதான்.

அதைத் தடுக்க இரு தரப்பும் ரேடியோ அலையைக் குழப்பும் ஜாமர்களை வாங்கிக் குவித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். டாங்கி மேல் ஜாமர், லாரி மேல் ஜாமர், பதுங்குகுழி வாசலில் ஜாமர், முதுகுப் பையிலும் ஜாமர்.

இந்த வாரம் அந்த ஜாமர்களை ஏமாற்றிவிட்டுப் போன ஓர் இழையையும், அது அறுத்த ஒரு சாலையையும் பார்க்கப் போகிறோம்.

எல்லை தாண்டிய செவ்வாய்க்கிழமை

2024 ஆகஸ்ட் 6. உக்ரைனின் சூமி மாகாணத்திலிருந்து கவச வாகனங்கள் எல்லை தாண்டி ரஷ்யாவின் குர்ஸ்க் மாகாணத்துக்குள் நுழைந்தன. மாஸ்கோ எதிர்பார்க்கவில்லை. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கும் நாடுகளுக்கும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரஷ்ய மண்ணில் ஒரு வெளிநாட்டு ராணுவம் இந்த அளவில் காலடி வைத்தது அதுவே முதல்முறை.

எல்லையில் காவலுக்கு இருந்தவர்கள் எல்லைப் படையினரும், கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளைஞர்களும். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள்.

அந்த முதல் வாரத்தில் உக்ரைன் காட்டிய சாமர்த்தியம் ஒன்று அதிகம் பேசப்படவில்லை. டாங்கிகளுக்கு முன்னால் ஜாமர் குழுக்களை நகர்த்தினார்கள். ரஷ்ய ட்ரோன்கள் எந்தெந்த அலைவரிசையில் பேசிக்கொள்கின்றன என்று முன்னதாகவே கேட்டு வைத்திருந்தார்கள். அந்த அலைவரிசைகளை இரைச்சலால் நிரப்பினார்கள். மேலே பறந்த ரஷ்யக் கண்கள் குருடாயின. கீழே கவச வாகனங்கள் ஓடின.

2023 கோடையில் ஸாபொரீஷியாவில் நேட்டோ தந்த டாங்கிகளோடு சில கிலோமீட்டர் நகரவே முக்கிமுனகிய அதே ராணுவம், குர்ஸ்க்கில் நாளுக்குப் பல கிலோமீட்டர் போனது. ஆகஸ்ட் 15 அன்று சுட்ஜா நகரம் முழுவதும் தங்கள் கையில் என்று அதிபர் ஸெலன்ஸ்கி அறிவித்தார். மாத இறுதியில் தலைமைத் தளபதி சிர்ஸ்கி சொன்ன கணக்கு: சுமார் 1,300 சதுர கிலோமீட்டர், 100 ஊர்கள்.

சுட்ஜா சிறிய ஊர். போருக்கு முன் அங்கே வசித்தவர்கள் 5,000 பேர் அளவில்தான். ஆனால் இரண்டு விஷயங்களால் அது பெரிய ஊர். ரஷ்ய எரிவாயு உக்ரைன் வழியாக ஐரோப்பா போகும் குழாயின் அளவீட்டு நிலையம் அங்கே இருந்தது. அந்தக் குழாய் இந்த அத்தியாயத்தில் மறுபடி வரும். இன்னொன்று, சாலைகள் அங்கே கூடின. அவற்றில் ஒன்று உக்ரைனின் சூமியிலிருந்து யூனகிவ்கா கிராமம் வழியாக எல்லை தாண்டி சுட்ஜாவுக்கு வரும் நெடுஞ்சாலை.

எல்லையிலிருந்து சுட்ஜா சுமார் 10 கிலோமீட்டர். குர்ஸ்க்குக்குள் இருந்த ஆயிரக்கணக்கான உக்ரைன் வீரர்களுக்கு ஷெல், டீசல், ரொட்டி, தண்ணீர், மாற்று ஆட்கள், காயம்பட்டவர்களுக்கான வண்டி என எல்லாவற்றுக்கும் அந்தச் சாலைதான் பிரதான வழி. வயல்வழிப் பாதைகள் இருந்தன. மழை பெய்தால் அவை சேறு.

வரைபடம் விரித்துப் பார்த்தால் குர்ஸ்க்கில் உக்ரைன் பிடித்த நிலம் ஒரு பெரிய பலூன் மாதிரித் தெரியும். இந்தச் சாலை அதன் கழுத்து.

ரேடியோ ட்ரோன் எங்கே தோற்கும்?

சாதாரண எஃப்.பி.வி ட்ரோனுக்கும் அதை ஓட்டுபவருக்கும் நடுவே இரண்டு உரையாடல்கள் நடக்கின்றன. ஓட்டுபவரிடமிருந்து ட்ரோனுக்குக் கட்டளை போகிறது. ட்ரோனிடமிருந்து ஓட்டுபவருக்குப் படம் வருகிறது. இரண்டுமே ரேடியோ அலை. இரண்டில் எதைக் கெடுத்தாலும் வேலை முடிந்தது. படம் கெட்டால் ஓட்டுபவர் குருடர். கட்டளை கெட்டால் ட்ரோன் செவிடு.

ஜாமர் இல்லாவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த அலைகள் மேட்டையும் அடர்ந்த மரத்தையும் தாண்டி வளைந்து வராது. ட்ரோன் உயரத்தில் பறக்கும்போது படம் துல்லியமாக இருக்கும். இலக்கின் மீது பாய்வதற்காகத் தரையை நெருங்கும்போது திரையில் புள்ளிகள் பறக்கும், கோடுகள் ஓடும். மிகமிக முக்கியமான கடைசி சில விநாடிகளில்தான் ஓட்டுபவருக்குக் கண் மங்கும். அதைச் சரிக்கட்ட இன்னொரு ட்ரோனை, அலையை வாங்கிக் கடத்தும் ரிப்பீட்டராக உயரத்தில் நிறுத்துவார்கள். அதையும் ஜாமர் தேடிவரும்.

இதற்கு மேல் ரேடியோ இன்னொரு துரோகமும் செய்யும். பேசுகிறவனைக் காட்டிக்கொடுக்கும். உக்ரைன் வீரர்களிடம் ‘சுய்கா’ என்றொரு கருவி இருந்தது. வருகிற எதிரி ட்ரோன் தன் முதலாளிக்கு அனுப்பும் படத்தை அது நடுவில் பிடித்துத் தன் சின்னத் திரையில் காட்டிவிடும். வண்டியில் போய்க்கொண்டிருக்கும் வீரர், எதிரியின் கண்ணில் தன் வண்டி எப்படித் தெரிகிறது என்பதைத் தன் மடியில் இருக்கும் திரையில் பார்ப்பார். திரையில் சாலை தெரிந்தால் ஜாமரைப் போடு. திரையில் உன் வண்டியே தெரிந்தால் குதித்து ஓடு.

ஆக, 2024 நடுப்பகுதியில் நிலவரம் இப்படி: ட்ரோன் பயங்கரமானதுதான், ஆனால் முன்னெச்சரிக்கை உண்டு, தடுக்க வழி உண்டு. முன்வரிசைக்கு மிக அருகில் ஆபத்து அதிகம். பின்னால் போகப் போகக் குறையும். இந்தக் கணக்கை நம்பித்தான் குர்ஸ்க்குக்குள் போனவர்கள் தங்கள் பின்வழியைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை.

இளவரசன் வருகிறான்

அதே ஆகஸ்ட் மாதம், அதே குர்ஸ்க்கில், ரஷ்யா ஒரு புது ட்ரோனைக் களமிறக்கியது. ‘நோவ்கரத் இளவரசன் வாண்டல்’ என்று அதற்குப் பெயர். நோவ்கரத் நகரத்துத் தயாரிப்பு. பார்வைக்குச் சாதாரண எஃப்.பி.வி. அடிவயிற்றில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உருளை. உருளைக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுற்றிய கண்ணாடி இழை.

இந்த இழை அபூர்வப் பொருள் அல்ல. உங்கள் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் ஃபைபர் கேபிளின் உறையை உரித்தால் உள்ளே இருப்பது இதன் உறவினர்தான். மேல்பூச்சோடு சேர்த்தே கால் மில்லிமீட்டர் கனம். ஓட்டுபவரின் கட்டளையும் கேமராவின் படமும் இந்த இழைக்குள் ஒளியாகப் போய் வரும். ரேடியோ அறவே கிடையாது.

இழை இழுபட்டு அறுந்துவிடாதா? பட்டம் விடுகிறவர் கையில் நூல்கண்டு இருக்கும், பட்டம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே நூல்கண்டே பட்டத்தோடு பறக்கிறது. ட்ரோன் முன்னேற முன்னேற இழை பின்னால் அவிழ்ந்து, வயல்மேலும் மரக்கிளைமேலும் விழுந்து, விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்கும். இழுவையே இல்லை. அதனால்தான் கால் மில்லிமீட்டர் இழை பத்துக் கிலோமீட்டர் தாக்குப்பிடிக்கிறது.

கம்பி வழியே ஆயுதத்தை ஓட்டுவது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் ‘டோ’ ஏவுகணை பல பத்தாண்டுகள் கம்பியை அவிழ்த்துக்கொண்டுதான் பறந்தது. புதிது என்னவென்றால் விலையும் அளவும். சீனச் சந்தையில் சுருள் சுருளாகக் கிடைக்கும் தொலைத்தொடர்பு இழை, சில நூறு டாலர் ட்ரோன், ஒரு வெடிகுண்டு. தொழிற்சாலை வேண்டியதில்லை, பட்டறை போதும்.

குறைகளும் இருந்தன. 10 கிலோமீட்டர் சுருள் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அந்த எடை அளவுக்கு வெடிமருந்தைக் குறைத்தாக வேண்டும். வேகம் குறையும். சட்டென்று வளைந்து திரும்பினால் இழை விசிறியில் சிக்கும். விலையும் கூடுதல். உக்ரைன் தரப்பில் பலர் முதலில் இதை அலட்சியமாகத்தான் பார்த்தார்கள். 2024 வசந்தத்திலேயே இப்படிப்பட்ட ரஷ்ய ட்ரோன் ஒன்று அவர்கள் கையில் கிடைத்திருந்தது. எச்சரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பத்து லட்சம் ரேடியோ ட்ரோன்களுக்குத் திட்டம் போட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடு, கயிறு கட்டிய ட்ரோனைப் பின்னோக்கிய அடியாகவே எடுத்துக்கொண்டது.

ரஷ்யா அப்படி நினைக்கவில்லை. நினைக்கும் நிலைமையிலும் இல்லை. குர்ஸ்க்கில் அதன் ரேடியோ ட்ரோன்களை உக்ரைன் ஜாமர்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. வேறு வழி தேடும் கட்டாயம் அந்தப் பக்கம்தான் முதலில் வந்தது.

பெர்டினில் ஒரு முன்னோட்டம்

2024 இறுதியில் குர்ஸ்க் களம் மாறியிருந்தது. ரஷ்யா பல்லாயிரம் பேரைக் கொண்டுவந்து குவித்தது. வடகொரியாவிலிருந்து சுமார் 11,000 வீரர்கள் வந்தார்கள். டிசம்பரில் அவர்கள் பனி மூடிய திறந்த வயல்களில் கூட்டமாக நடந்து வந்தார்கள். உக்ரைன் ட்ரோன்கள் அவர்களை ஒவ்வொருவராக வேட்டையாடின.

இறந்த ஒரு வடகொரிய வீரரின் நோட்டுப் புத்தகம் என்று உக்ரைன் சிறப்புப் படை சில பக்கங்களை வெளியிட்டது. ட்ரோனை வீழ்த்தும் வழி அதில் படம் போட்டு எழுதப்பட்டிருந்தது. மூன்று பேர் சேர வேண்டும். ஒருவர் ட்ரோனுக்குத் தூண்டிலாக நிற்க வேண்டும். அவர் அசையாமல் நின்றால் ட்ரோனும் நிற்கும். பக்கத்தில் 10, 12 மீட்டர் தள்ளி நிற்கும் மற்ற இருவரும் அதைச் சுட வேண்டும்.

ட்ரோன் யுத்தத்துக்கே பழக்கப்படாத ஒரு ராணுவம் முதல் மாதத்தில் கண்டுபிடித்த தற்காப்பு இது. போகப் போக அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து வரக் கற்றுக்கொண்டார்கள்.

2025 ஜனவரி 5. உக்ரைன் மறுபடி தாக்கியது. சுட்ஜாவின் வடகிழக்கே பெர்டின் கிராமத்தை நோக்கிக் கண்ணிவெடி அகற்றும் வாகனங்களை முன்விட்டு ஒரு கவச வரிசை கிளம்பியது. ஆகஸ்டில் பலித்த அதே சூத்திரம்: முதலில் ஜாமர், பிறகு டாங்கி. அன்று ஜாமர்கள் நன்றாகவே வேலை செய்தன. தங்கள் ட்ரோன்கள் பறக்க முடியவில்லை என்று ரஷ்யப் போர் எழுத்தாளர்களே காலையில் புலம்பினார்கள்.

கண்ணாடி இழை ட்ரோன்கள் மட்டும் வந்தன. ஜாமரின் இரைச்சலுக்குள் அவை எந்தத் தடையும் இல்லாமல் பறந்து வந்து வாகனங்களின் மேல் விழுந்தன. சில நாட்களில் தாக்குதல் நின்றுபோனது.

ஐந்தே மாதத்தில் சூத்திரம் செத்துவிட்டது. ஆனால் பெர்டினில் நடந்தது முன்வரிசைச் சண்டை. நிஜமான அடி முதுகுப் பக்கத்தில் விழக் காத்திருந்தது.

சாலையோரம் உட்கார்ந்திருக்கும் ட்ரோன்

ரஷ்யாவின் புதிய பாதுகாப்பு அமைச்சர் பெலோஉசோவ் காலத்தில், 2024-ல், ‘ருபிகான்’ என்ற ட்ரோன் மையம் உருவானது. தேர்ந்த ஓட்டுநர்கள், தடையில்லாத பணம், நல்ல சரக்கு. அந்தக் குளிர்காலத்தில் அதன் குழுக்கள் குர்ஸ்க்குக்கு வந்தன. வந்தவர்கள் முன்வரிசைப் பதுங்குகுழிகளின் மீது நேரத்தை வீணாக்கவில்லை. சுட்ஜா சாலையை வரைபடத்தில் வட்டமிட்டார்கள்.

இனி அந்தச் சாலையில் ஒரு பயணம் எப்படி இருந்திருக்கும் என்று பார்ப்போம்.

இருட்டும் நேரம். யூனகிவ்காவில் ஒரு பிக்அப் வண்டி கிளம்புகிறது. பின்னால் தண்ணீர் கேன்கள், ஷெல் பெட்டிகள், இரண்டு ஜெனரேட்டர். கூரையில் காளான் மாதிரி நான்கைந்து ஜாமர் ஆன்டெனாக்கள். முன் சீட்டில் இருப்பவரின் மடியில் சுய்கா டிடெக்டர். பின்னால் நிற்பவர் கையில் வேட்டைத் துப்பாக்கி. விளக்கு போடக்கூடாது. வேகத்தைக் குறைக்கவே கூடாது.

சாலையின் இரு பக்கமும் எரிந்த வண்டிகள். முந்தைய நாள் எரிந்தது, முந்தைய வாரம் எரிந்தது. அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் ஓட்டுநர் அங்கங்கே பிரேக் போட்டாக வேண்டும். எரிந்த வண்டி ஒவ்வொன்றும் அடுத்த வண்டிக்கு வேகத்தடை.

டிடெக்டர் திரை வெறுமையாக இருக்கிறது. முன்பெல்லாம் அது நல்ல சகுனம். இப்போது அதற்கு அர்த்தமே இல்லை.

ஏனென்றால் ட்ரோன் ஏற்கெனவே வந்துவிட்டது. அரைமணி நேரத்துக்கு முன்பே வந்து, சாலையோரப் புல்லில் இறங்கி, விசிறிகளை நிறுத்திவிட்டு, கேமராவை மட்டும் சாலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ட்ரோனின் பேட்டரியைக் குடிப்பது விசிறிகள்தான். அவை ஓடாதவரை கேமரா நெடுநேரம் விழித்திருக்கும். ரேடியோ ட்ரோன் தரையில் இறங்கினால் படம் போய்விடும். இழை ட்ரோனுக்குத் தரையில் இருந்தாலும் ஆகாயத்தில் இருந்தாலும் ஒரே படம், ஒரு புள்ளிகூட இல்லாத தெளிவு. பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு நிலவறையில் அமர்ந்திருப்பவர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

வண்டியின் சத்தம் வந்ததும் விசிறி சுழல்கிறது. சாலைக்கும் அதற்கும் சில மீட்டர் தூரம்தான். துப்பாக்கியோடு நிற்பவருக்குத் திரும்பக்கூட நேரம் இருக்காது.

மறுநாள் காலை அதே சாலையில் நடந்து வருபவர்களின் காலில் இழைகள் சிக்கும். வயல்களில் இழைமேல் இழையாகக் கிடக்கும் அவற்றை வீரர்கள் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு நடந்தார்கள். ஏற்கெனவே வெடித்து முடிந்த ட்ரோன்களின் இழைகள்தான் பெரும்பாலும். இருந்தாலும் வெட்டினார்கள். உயிரோடு இருக்கும் ஓர் இழை அதில் இருந்துவிட்டால்?

கணக்கு மாறியது

2025 பிப்ரவரியில் இந்த வேட்டை முழு வேகம் பிடித்தது. மாதக் கடைசியில் ரஷ்யக் காலாட்படை எல்லையோரம் ஸ்வெர்ட்லிகோவோ பக்கம் முன்னேறியது. அங்கிருந்து சாலை மிகக் கிட்டத்தில். அதுவரை சுருளின் கடைசி மீட்டர்வரை செலவழித்து சாலையைத் தொட்டுக்கொண்டிருந்த ட்ரோன்கள், இனி பாதி இழையிலேயே வந்து சேர்ந்தன.

ஒரு ராணுவம் எப்போது தோற்கிறது என்பதை முன்வரிசையை வைத்தே பேசிப் பழகியிருக்கிறோம். குர்ஸ்க்கில் முன்வரிசை அதுவரை பெரிதாக உடையவில்லை. பதுங்குகுழிகளில் ஆள் இருந்தார்கள். சண்டை போட்டார்கள். ஆனால் போன வண்டிகளில் பாதி திரும்பாது என்றான பிறகு, பின்னாலிருந்து எதை அனுப்புவது? ஷெல் குறைந்தால் பீரங்கி ஓயும். டீசல் குறைந்தால் டாங்கி நிற்கும். பேட்டரி வராவிட்டால் உக்ரைன் ட்ரோனும் பறக்காது. மாற்று ஆள் வராததால் ஒரு வாரத்துக்கு என்று போனவர்கள் பல வாரம் ஒரே குழியில் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, காயம்பட்டவர்கள் நிலை. தொடையில் ரத்தம் கொட்டினால் டூர்னிகே பட்டையை இறுக்கிக் கட்டி, ஓரிரு மணி நேரத்தில் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும் என்பது போர்க்கள மருத்துவத்தின் பாலபாடம். வண்டியே வர முடியாத இடத்தில் அந்த மணி நேரங்கள் நாட்களாயின. பிழைக்க வேண்டியவர்கள் கால்களை இழந்தார்கள். பலர் உயிரை இழந்தார்கள்.

சுற்றி வளைக்காமலே முற்றுகை. வரைபடத்தில் வழி திறந்தே இருந்தது. எதிரிப் படை ஒன்றுகூடச் சாலையின் குறுக்கே நிற்கவில்லை. ஆனாலும் சாலை மூடப்பட்டுவிட்டது.

குழாய்க்குள் இருந்து வந்தவர்கள்

மார்ச் தொடக்கத்தையொட்டி எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன.

வெள்ளை மாளிகையில் டிரம்ப்புடன் ஸெலன்ஸ்கி வாக்குவாதப்பட்டது பிப்ரவரி 28-ல். அடுத்த சில நாட்களில் அமெரிக்கா உளவுத் தகவல் தருவதை நிறுத்தியது. ஆயுத உதவியும் நின்றது. மார்ச் 11 வரை அந்தத் தடை நீடித்தது. எதிரி எங்கே கூடுகிறான் என்று மேலிருந்து சொல்லும் கண் இல்லாத அந்த நாட்களில்தான் ரஷ்யா பல பக்கத்திலிருந்தும் நெருக்கியது.

மார்ச் 8. முன்பே சொன்ன அந்த எரிவாயுக் குழாய். 2025 ஜனவரி 1-லிருந்து அதில் எரிவாயு ஓடவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள அந்த இரும்புக் குழாய்க்குள் நூற்றுக்கணக்கான ரஷ்ய வீரர்கள் இறங்கி, குனிந்தும் தவழ்ந்தும் சுமார் 15 கிலோமீட்டர் வந்து, மிச்சமிருந்த வாயுவின் நெடியில் நாட்கணக்கில் காத்திருந்து, சுட்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் வெளிப்பட்டார்கள். வெளியே வந்தவர்களில் பலரை உக்ரைன் பீரங்கியும் ட்ரோன்களும் கொன்றன. ஆயினும் பின்னால் எதிரி வந்துவிட்டான் என்ற செய்தி, அவன் கொண்டுவந்த துப்பாக்கிகளைவிட அதிக வேலை செய்தது.

யோசித்துப் பாருங்கள். வானம் முழுக்கக் கேமரா தொங்கும் ஒரு போரில், கண்ணில் படாமல் நகர ஒரு ராணுவத்துக்குக் கிடைத்த ஒரே வழி மண்ணுக்கு அடியில் இருந்த குழாய்.

பின்வாங்கும் உத்தரவு வந்தபோது பல உக்ரைன் குழுக்களிடம் வண்டி இல்லை. இருந்தாலும் சாலையில் போக முடியாது. வெடிக்காமல் நின்ற டாங்கிகளையும் கவச வண்டிகளையும் விட்டுவிட்டு, எதிரி கையில் கிடைக்கக்கூடாதவற்றைத் தாங்களே கொளுத்திவிட்டு, வயல்வழியாகவும் மரவரிசை ஓரமாகவும் நடந்தே எல்லை கடந்தார்கள். சிலருக்கு அந்தச் சில கிலோமீட்டர் பல நாள் நடை.

மார்ச் 12 அன்று புதின் ராணுவச் சீருடையில் குர்ஸ்க் கட்டளை நிலையத்துக்கு வந்தார். மறுநாள் சுட்ஜா மீட்கப்பட்டதாக மாஸ்கோ அறிவித்தது. குர்ஸ்க் முழுவதும் மீட்கப்பட்டது என்று ஏப்ரல் 26 அன்று தளபதி கெராசிமோவ் புதினிடம் சொன்னார். தங்கள் வீரர்கள் இன்னும் அங்கே இருப்பதாகச் சொல்லி உக்ரைன் அதை மறுத்தது. எல்லையோரத்தில் கொஞ்சம் நிலம் மட்டும் அவர்கள் கையில் மிச்சமிருந்தது.

ட்ரோன் மட்டும்தான் காரணமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும், வரலாறு ஆகாது.

ரஷ்யா அங்கே கொண்டுவந்து இறக்கிய ஆள்பலம் உக்ரைனால் ஈடுகொடுக்க முடியாதது. விமானங்கள் தொலைவிலிருந்தே வீசிய சறுக்குக் குண்டுகள் பாலங்களையும் கட்டடங்களையும் தரைமட்டமாக்கின. வடகொரியர்கள் இழப்பைப் பொருட்படுத்தாமல் வந்தார்கள். கழுத்து மெலிந்த ஒரு நிலப்பகுதியை நெடுநாள் பிடித்து வைத்திருக்கலாம் என்று உக்ரைன் தலைமை போட்ட கணக்கு ஆரம்பத்திலிருந்தே கேள்விக்குரியது. பலூன் சுருங்கச் சுருங்கக் கழுத்தும் எதிரிக்குப் பக்கத்தில் வந்தது.

ஆனால் இவை எல்லாம் இருந்தும் பல மாதம் அந்த நிலம் நின்றது. சாலை செத்த சில வாரங்களில் எல்லாம் சரிந்தது. காரணங்கள் பல. கடைசியில் பொறியை இழுத்தது கண்ணாடி இழை என்பதே என் தீர்ப்பு.

அதைவிட முக்கியம், இந்தப் போரில் ட்ரோனின் வேலை அங்கேதான் மாறியது. டாங்கியைக் கொல்லும் கருவியாக இருந்தது, சாலையைக் கொல்லும் கருவி ஆனது. ஒரு டாங்கியை எரித்தால் ஒரு டாங்கி போகும். ஒரு சாலையை எரித்தால் அந்தச் சாலையை நம்பி நிற்கும் படையே போகும்.

இரு தரப்பும் பாடம் படித்தன. உக்ரைனில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் இழை ட்ரோனுக்கு மாறின. எந்த இழையை ஒரு வருடத்துக்கு முன் ஏளனம் செய்தார்களோ, அதற்குச் சீன வியாபாரிகளிடம் இரு நாட்டுக்காரர்களும் போட்டி போட்டு ஆர்டர் கொடுத்தார்கள். சுருளின் நீளம் 10-லிருந்து 20 கிலோமீட்டர் ஆனது, அதற்கு மேலும் போனது. சாலைகளின் இருபுறமும் கம்பம் நட்டு, மேலேயும் பக்கத்திலும் மீன்வலையைக் கட்டி, வலைச் சுரங்கத்துக்குள் லாரி ஓட்டத் தொடங்கினார்கள். சரக்கு கொண்டுபோகவும் காயம்பட்டவர்களை இழுத்துவரவும் சக்கரம் வைத்த ஆளில்லா வண்டிகள் வந்தன. முன்வரிசைக்குப் பின்னால் 15, 20 கிலோமீட்டர்வரை பகலில் வண்டி ஓட்டுவது தற்கொலை என்றானது.

எதுவும் முழுத் தீர்வாகவில்லை. வலையில் ஓட்டை விழும்வரை ட்ரோன் அனுப்பலாம். ஓட்டை விழுந்ததும் அடுத்ததை உள்ளே விடலாம்.

ஆனால் இழைக்கு ஒரு பலவீனம் உண்டு, எந்த ரேடியோ ட்ரோனுக்கும் இல்லாத பலவீனம். அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் வெடிகுண்டு. மறுமுனையில் ஓர் ஆள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மின்னும் இழையைப் பின்தொடர்ந்து போனால் அவர் இருக்கும் குழியின் வாசலைக் கண்டுபிடிக்கலாம் என்று இரு தரப்பும் முயலத் தொடங்கின.

குர்ஸ்க் முடிந்ததும் ருபிகான் குழுக்கள் கிழக்கு உக்ரைனின் டோன்பாஸ் பக்கம் மாற்றப்பட்டன. அங்கே அவர்களின் இலக்குப் பட்டியலில் லாரிக்கு மேலே ஒரு புதிய பெயர் ஏறியது: உக்ரைன் ட்ரோன் ஓட்டுநர். மூன்று ஆண்டுகளாக வேட்டைக்காரராக இருந்தவர் இப்போது வேட்டைப் பொருள். ஒரு ட்ரோனை இழந்தால் மறுநாள் இன்னொன்று வரும். நூறு தாக்குதல் பார்த்த ஓர் ஓட்டுநரை இழந்தால் அவர் இடத்தை நிரப்ப எத்தனை மாதம் ஆகும்? ஓட்டுநர்களே குறிவைக்கப்பட்டால் ட்ரோனை நம்பி நிற்கும் ஒரு ராணுவம் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

அடுத்த வாரம் டோன்பாஸின் கான்ஸ்தாந்தினிவ்கா நகரம்.